பசியை அறிந்தவரின் திட்டம்

ஒரு மாவட்டத்தில் நெல் விளைவதும், அந்த மாவட்டத்துக் குழந்தைகள் வயிறார உண்பதும் வெவ்வேறு செய்திகள். திருச்சிராப்பள்ளி இதற்கு நெடுங்காலச் சாட்சி. நகருக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓடி, நடுவே ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகிறது. 1836-இல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டிய பிறகு, கீழே இருந்த தஞ்சைக் கழனிகளுக்கு நீர்வரத்து உறுதிப்பட்டது. ஆற்றங்கரையில் நெல்லும் வாழையும் செழித்திருக்க, ஆற்றைவிட்டு விலகிச் சென்றால் மணப்பாறை, மருங்காபுரி, துறையூர்ப் பக்கங்களில் வானம் பார்த்த பூமி தொடங்கிவிடும். கழனி செழித்த ஊர்களில்கூட, நாற்று நட்ட கைகளின் வீட்டில் நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் அடுப்பு எரியாத நாள்கள் உண்டு.

அந்த மாவட்டத்தின் பாப்பாக்குறிச்சி என்னும் சிற்றூரில்தான், 1982 ஜூலை 1 அன்று, அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூரை ஒட்டிய அந்த ஊர், இன்று திருச்சி மாநகரத்தின் கிழக்கு விளிம்போடு கலந்துவிட்டது. அந்தச் சாலையில் நாள்தோறும் பேருந்தில் செல்வோரில் எத்தனை பேருக்கு அந்த நாள் நினைவில் இருக்கும் என்பது ஐயமே.

எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் திரையைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ எழுதுகிறார்கள். அவரது வாழ்க்கையைச் சோற்றின் வழியாக ஒருமுறை படித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அப்படிப் படிக்கும்போது அவரது பெருமையும் தெரிகிறது. அவரது ஆட்சியின் முரண்பாடும் தெரிகிறது. இன்று நாம் செய்யவேண்டிய வேலையும் தெரிகிறது.

கும்பகோணத்துப் பசி

மருதூர் கோபால மேனனுக்கும் சத்தியபாமாவுக்கும் மகனாக 1917 ஜனவரி 17 அன்று இலங்கையின் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார் இராமச்சந்திரன். தந்தை இறந்தபோது அவர் விவரமறியாச் சிறு குழந்தை. சம்பாதிப்பவர் போன பின் ஒரு குடும்பம் எவ்வளவு விரைவில் தரைக்கு வந்துவிடும் என்பதற்கு அந்தக் குடும்பம் ஓர் எடுத்துக்காட்டு. தாய் சத்தியபாமா, எஞ்சிய இரு ஆண் குழந்தைகளான சக்கரபாணியையும் இராமச்சந்திரனையும் அழைத்துக்கொண்டு கும்பகோணத்தில் குடியேறினார்.

கும்பகோணம் காவிரிக் கழிமுகத்தின் நெல் வணிக நகரம். கோயில்களும் மடங்களும் சத்திரங்களும் நிறைந்த ஊர். அந்த ஊரில் ஒரு கைம்பெண், பிறர் வீடுகளில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அரிசி கடைத்தெருவில் குவிந்து கிடந்தது. அதை வாங்கும் காசு வீட்டில் இல்லை. அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடந்த நாள்களில், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் கஞ்சி கொடுத்து உயிரைக் காத்ததாக எம்.ஜி.ஆர். பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பசித்தால் அழ மட்டுமே தெரிந்த வயதில் தாம் பட்ட துன்பத்தின் விளைவே சத்துணவுத் திட்டம் என்று அதன் தொடக்கத்தை ஒட்டிய உரையில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர் வரலாற்றில் இல்லை.

ஆனையடிப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஏறத்தாழ ஏழு வயதில், அண்ணனோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளைக் கலைக்கூடங்களாக மட்டுமே பார்ப்பது பாதி உண்மை. அவை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் தங்குமிடமும் தந்த இடங்கள். வீட்டில் உண்ணும் வாய் ஒன்று குறையும். பிள்ளைக்கு இரண்டு வேளை உணவு உறுதி. மாதம் சிறு தொகையும் வரலாம். தமிழ் நாடகத்துக்கும் திரைக்கும் அடித்தளமிட்ட நடிகர்கள் பலர் இப்படிச் சோற்றுக்காகவே அரங்குக்குள் நுழைந்தவர்கள். எம்.ஜி.ஆரின் பள்ளிப் படிப்பைப் பறித்ததும் பசி. அவரை நடிகராக்கியதும் பசி. இந்த உண்மையைப் பின்னர் அவர் தீட்டிய திட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளியிலேயே சோறு கிடைத்திருந்தால் அந்தச் சிறுவன் பள்ளியைவிட்டுப் போயிருக்க வேண்டியதில்லை.

1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதியில் சிறு வேடம் கிடைத்தது. கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி வெளிவந்தது 1947-இல். இடைப்பட்ட 11 ஆண்டுகள் துணை வேடங்களிலும் வாய்ப்புத் தேடி அலைவதிலும் கழிந்தன. அதன் பிறகு வந்த புகழைப் பற்றி இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். செல்வம் வந்த பின்னும் அவரது வீட்டில் மாறாத பழக்கம், வந்தவர் எவராயினும் உண்ணாமல் திரும்பக்கூடாது என்பது. இராமாவரம் தோட்டத்து விருந்தோம்பலைப் பற்றி அவரது அரசியல் எதிரிகளும் நல்லதாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அரிசியும் அரசியலும்

1953-இல் அவர் தி.மு.கழகத்தில் இணைந்தார். 1960-களின் நடுப்பகுதியில் நாடு கடும் உணவுத் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. அரிசிக்கு நீண்ட வரிசைகள் நின்றன. 1967 தேர்தலில் மொழிப் பிரச்சினைக்கு நிகராக அரிசிப் பிரச்சினையும் காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்தியது. ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் உறுதியை அண்ணாவின் அரசு சென்னையிலும் கோவையிலும் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. அந்தத் தேர்தலில் துப்பாக்கிக் குண்டுக் காயத்தோடு மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றவர் எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டில் ஆட்சியை உருவாக்கவும் கவிழ்க்கவும் வல்லது அரிசி என்பதை அவர் அருகிலிருந்து பார்த்தார்.

1972 அக்டோபர் 17 அன்று தனிக்கட்சி தொடங்கினார். 1977 ஜூன் 30 அன்று முதலமைச்சரானார். 1980 பிப்ரவரியில் அவரது ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாத இறுதியில் நடந்த தேர்தலில் மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இந்த இரண்டாம் ஆட்சிக் காலத்தில்தான் சத்துணவுத் திட்டம் பிறந்தது.

பள்ளியில் உணவு என்னும் எண்ணம் அவருடையது அன்று. 1920-இலேயே பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் இதைச் செய்து பார்த்தது. 1956-இல் காமராஜர், கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் துணையோடு, மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் எடுத்துச் சென்றார். ஊர் மக்களின் நன்கொடையும் அரசின் மானியமும் அதற்குத் துணைநின்றன. 1961 முதல் கேர் நிறுவனத்தின் வெளிநாட்டு உதவியும் சேர்ந்தது. ஆனால், கொடையை நம்பி நிற்கும் உணவு கொடை வற்றும்போது வற்றும். எல்லாப் பள்ளிகளுக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது எட்டவில்லை.

எம்.ஜி.ஆர். செய்த மாற்றம் அளவில் இருந்தது. ஊர்ப்புறங்களில் 2 வயது முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு, கேட்டு வரும் எவருக்கும், அரசின் சொந்தச் செலவில் சூடான மதிய உணவு. பள்ளி செல்லும் வயது வராத குழந்தைகளையும் அது சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும், 1983-இல் முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும், 1984-இல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தது. மையம் ஒன்றுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூன்று பெண்கள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இவ்வேலையில் முன்னுரிமை தரப்பட்டது. கும்பகோணத்தில் பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்த ஒரு தாயின் நிலையில் இருந்த பல்லாயிரம் பெண்களுக்கு, பள்ளிச் சமையலறையில் ஒரு வேலை கிடைத்தது.

எதிர்ப்பும் விடையும்

அன்று எழுந்த எதிர்ப்பு கடுமையானது. இது வாக்குக்காக வீசப்படும் சோறு என்றார்கள் அரசியலாளர்கள். ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கும் மேல் விழுங்கும் திட்டத்தை ஒரு மாநில அரசு எவ்வாறு தாங்கும், அணையும் சாலையும் தொழிலும் என்னாவது என்று கேட்டார்கள் பொருளியலாளர்கள். அவர்களது கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1982-83 வறட்சிக் காலம் வேறு.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலேயே வேறொரு வழியும் நடைமுறையில் இருந்தது. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் துணை உணவு தந்தது. செலவு குறைவு, பயன் அளவிடத்தக்கது. வல்லுநர்கள் இதையே விரும்பினார்கள்.

இரண்டில் எது சரி என்னும் வாதம் இன்றும் முடியவில்லை. மிகச் சிறு வயதில்தான் ஊட்டக்குறைவு ஆறாத வடுவை உண்டாக்குகிறது என்பதால், மூன்று வயதுக்குள் கவனம் செலுத்திய திட்டம் அறிவியல் நோக்கில் வலுவானது. ஆனால், சத்துணவுத் திட்டம் செய்த ஒன்றை எடைத் தராசு செய்ய இயலாது. எந்தக் குழந்தையும் தன் ஏழ்மையை மெய்ப்பித்துக் காட்டாமல் தட்டை நீட்ட அது வழிசெய்தது. எல்லாருக்கும் என்று சொன்னபோதுதான் அது பெரும்பாலும் ஏழைகளுக்கே போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு நியாயவிலைக் கடையை அனைவருக்கும் பொதுவாக வைத்திருப்பதன் பின்னணியிலும் இதே அறிவு இருக்கிறது. வடிகட்டத் தொடங்கினால் முதலில் வடிந்துபோவோர், சான்றிதழ் வாங்கத் தெரியாத ஏழைகளே.

சத்துணவு தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு, 1981-இல், அமர்த்திய சென்னின் வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூல் வெளிவந்தது. நாட்டில் உணவு இல்லாததால் மட்டுமே மக்கள் பட்டினி கிடப்பதில்லை. இருக்கும் உணவைப் பெறும் ஆற்றலும் உரிமையும் இல்லாததால் கிடக்கிறார்கள் என்பது அதன் சாரம். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எம்.ஜி.ஆர். அந்தப் பாடத்தை நெல் வணிக நகரமான கும்பகோணத்தில் வயிற்றால் கற்றிருந்தார்.

ஒரே பந்தி

1982-இல் நான் இதே மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் நான்காம் வகுப்பு மாணவன். பள்ளியின் பின்புறத்தில் கீற்றுக் கொட்டகை ஒன்று எழுந்தது. மதியத்துக்கு முன்பே சாம்பார் கொதிக்கும் மணம் வகுப்புக்குள் வரும். கணக்குப் பாடம் அதோடு முடிந்துவிடும். மணி அடித்ததும் அலுமினியத் தட்டுகளின் ஓசை. சோறு சில நாள் குழைந்திருக்கும், சில நாள் கல் கடிபடும். பிள்ளைகள் எவரும் அதைக் குறையாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். தட்டில் விழும் சோற்றில் பாதியை உண்டு, மீதியை இன்னொரு தட்டால் மூடி வீட்டுக்கு எடுத்துச் செல்வாள். எடுத்துச் செல்லக்கூடாது என்பது விதி. ஆயா அதைப் பார்த்தும் பாராதவர்போல் இருப்பார். சில நாள் கூடுதலாக ஒரு கரண்டி வைப்பார். அந்தச் சோறு அவளுடைய பாட்டிக்கு என்று பின்னர் அறிந்தேன். குழந்தையைத் தனியாகப் பிரித்தெடுத்து அதன் பசியை மட்டும் தீர்த்துவிடலாம் என்று திட்டங்கள் எண்ணுகின்றன. பசி எப்போதும் குடும்பத்தோடு சேர்ந்தே இருக்கிறது. மதியம் பள்ளியில் உண்பதால் இரவில் வீட்டில் பங்கு குறைந்ததா என்னும் கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். அப்படிக் குறைந்திருந்தாலும், மிச்சமான அந்தப் பிடிச் சோறு தாய்க்கோ தம்பிக்கோ போயிருக்கும். ஒரு வீட்டில் எப்போதும் கடைசியில் உண்பவளும், குறைவாக உண்பவளும் தாயே.

எல்லாருக்கும் பொதுவான அந்தப் பந்திக்கு வேறொரு பொருளும் உண்டு. ஸ்ரீரங்கம் போன்ற தலங்களிலும் அவற்றுக்குச் செல்லும் பெருவழிகளிலும் சோறிடும் மரபு மிகப் பழையது. பசித்தவனுக்கு அன்னமிடுவது பேரறம் என்று போற்றிய சமூகம் இது. ஆனால், பழைய சத்திரங்கள் பலவற்றில் எவர் எங்கே அமரலாம், எவருக்கு இடமே இல்லை என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே திருப்பியது. இந்தப் பின்னணியில், ஆயிரக்கணக்கான ஊர்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து ஒரே பானைச் சோற்றைப் பரிமாறியது சிறிய செயல் அன்று. குழந்தைகளோடு தரையில் அமர்ந்து முதலமைச்சர் உண்ணும் ஒளிப்படம் சொல்லிய செய்தியும் அதுவே.

இதில் வெற்றி முழுமையானது என்று சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளியிலேயே சில பிள்ளைகள் வீட்டுச் சோற்றைத் தனியே உட்கார்ந்து உண்டார்கள். தலித் பெண் சமைத்ததை உண்ண மறுக்கும் செய்திகள் இன்றும் அவ்வப்போது வருகின்றன. ஆனாலும், ஒரு தலைமுறை ஒரே பந்தியில் வளர்ந்திருக்கிறது என்பதை மறுக்க இயலாது.

ஆட்சியின் முரண்

எம்.ஜி.ஆரைப் போற்றுவோர் பேச விரும்பாத ஒரு பக்கமும் இதே கதையில் இருக்கிறது. அவரது ஆட்சி 1981-இல் மதுவிலக்கைத் தளர்த்தி, சாராயக் கடைகளையும் கள்ளுக் கடைகளையும் திறந்தது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், உருவாக்கப்பட்டது. திரையில் குடிக்காத நாயகனாக விளங்கியவர், பிள்ளையின் மதிய உணவுக்குப் பொறுப்பேற்ற அதே ஆண்டுகளில் தந்தையின் கூலி சாராயக் கடைக்குப் போகும் வழியையும் திறந்துவைத்தார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் போன்ற ஆய்வாளர்கள், அவரது பிம்பத்துக்கும் அவரது அரசின் வரிக் கொள்கைக்கும் இடையே இருந்த இடைவெளியைக் கூர்மையாக எடுத்துக்காட்டினார்கள். ஏழைகளின் வரியிலிருந்தே ஏழைகளுக்குச் சோறு என்னும் அந்த விமர்சனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

வீட்டு உணவுப் பாதுகாப்பு என்பதை இந்த முரண்பாட்டை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டில் உணவு உறுதிப்படுவது அரிசியின் விலையால் மட்டும் அன்று. கூலி கிடைக்க வேண்டும், அது வீடு வந்து சேர வேண்டும், அதை எதற்குச் செலவிடுவது என்று முடிவுசெய்யும் அதிகாரம் அடுப்படியில் நிற்பவளுக்கு இருக்க வேண்டும். ஒரு கையால் சோறிட்டு மறு கையால் கூலியை எடுக்கும் அரசு, இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆருக்குப் பின் வந்த எந்த அரசும் இந்தக் கணக்கைப் போடவில்லை.

1984 அக்டோபரில் அவர் நோயுற்றார். சென்னையிலும் பின்னர் அமெரிக்காவின் புரூக்ளினிலும் சிகிச்சை பெற்று, 1985 பிப்ரவரியில் மூன்றாம் முறையாக முதலமைச்சரானார். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். மறுஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

கொடையிலிருந்து உரிமைக்கு

அவர் மறைந்த பிறகு அந்தத் திட்டத்தை எந்தக் கட்சியும் நிறுத்தவில்லை. இதுவே அதன் மிகப் பெரிய வெற்றி. எதிர்க்கட்சியாக இருந்தபோது குறை சொன்னவர்கள் ஆட்சிக்கு வந்து அதை வளப்படுத்தினார்கள். 1989-இல் கருணாநிதி அரசு முட்டை வழங்கத் தொடங்கியது. 2010-இல் அது வாரம் ஐந்து முட்டையாக உயர்ந்தது. ஜெயலலிதா ஆட்சியில் கலவைச் சாதங்கள் வந்தன. ஸ்ரீரங்கம் தொகுதியின் உறுப்பினராக அவர் இருந்தபோது, 2012-இல், ரங்கநாதர் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. 2013 முதல் அம்மா உணவகங்கள் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க.ஸ்டாலின் அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

நாடும் தமிழ்நாட்டைப் பின்தொடர்ந்தது. 1995-இல் மத்திய அரசு தேசிய அளவில் திட்டத்தை அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் உலர் தானியத்தோடு நிறுத்திக்கொண்டபோது, 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், சமைத்த உணவையே வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவைச் சட்டப்படியான உரிமையாக்கியது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் இரக்கத்தில் தொடங்கிய ஒன்று, நூறாண்டுக்குள் நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஆனால், வேலை முடிந்துவிட்டதா? 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 57 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும் ரத்தசோகை. அரிசி எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு மாநிலத்தின் எண்கள் இவை. வயிறு நிறைகிறது, உடல் நிறையவில்லை. பருப்பும் கீரையும் பழமும் பாலும் முட்டையும் இன்னும் பல வீடுகளுக்கு எட்டாதவையாக இருக்கின்றன.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, வீட்டு உணவுப் பாதுகாப்பை அளக்க எட்டுக் கேள்விகளைக் கேட்கிறது. உணவு தீர்ந்துவிடுமோ என்று கடந்த ஓராண்டில் கவலைப்பட்டதுண்டா என்று தொடங்கி, சத்தான உணவை உண்ண முடியாமல் போனதா, ஒரு வேளையைத் தவிர்க்க நேர்ந்ததா எனப் படிப்படியாகக் கடந்து, ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருந்ததுண்டா என்பதில் அது முடிகிறது. முதல் கேள்வி கவலையைப் பற்றியது என்பது என்னை ஒவ்வொரு முறையும் சிந்திக்கவைக்கிறது. பட்டினிக்கு முன்பே பசி ஒரு வீட்டுக்குள் அச்சமாக நுழைந்துவிடுகிறது. திருச்சியில் நான் வாழும் பகுதியில், பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட முதியவர்களும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும், வட மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களும் இந்த முதல் கேள்விக்கு ஆம் என்றே விடை சொல்வார்கள். எவரும் அவர்களிடம் அதைக் கேட்பதில்லை.

செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு ஆண்டுக்கு 220 நாள்கள்தாம். எஞ்சிய 145 நாள்களில், குறிப்பாகக் கோடை விடுமுறையில், அந்தப் பிள்ளைகள் என்ன உண்கிறார்கள் என்பதை அரசு தன் கேள்வியாக ஏற்க வேண்டும். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது உலர் பொருள்களை வீட்டுக்கு வழங்க முடிந்தது. விடுமுறையிலும் அது முடியும். நியாயவிலைக் கடையில் அரிசியோடு பருப்பும் சிறுதானியமும் எண்ணெயும் தவறாமல், போதிய அளவில் கிடைக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு முந்தைய வயதில், கருவுற்ற தாயிடமும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையிடமும் அங்கன்வாடியின் கவனம் கூட வேண்டும். எல்லாருக்கும் உணவு, சிறப்புத் தேவை உள்ளோருக்குச் சிறப்புக் கவனம் என இரண்டு வழிகளையும் இணைத்துக்கொள்ளலாம். சத்துணவு மையங்களில் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் சமைக்கும் பெண், மாத இறுதியில் தன் வீட்டு அரிசிப் பானையைப் பார்த்துக் கவலைப்படும்படியான ஊதியத்தில் இருப்பது நமக்குப் பெருமை தராது. மதுவிலிருந்து வரும் வருவாயையும் அது குடும்பங்களில் உண்டாக்கும் பசியையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்கும் துணிவும் வேண்டும்.

எம்.ஜி.ஆர். தம் திட்டத்தை இரக்கத்தின் மொழியில் பேசினார். அவர் அறிந்த மொழி அது. அந்தக் கஞ்சியைக் கொடுத்த பெண்ணிடம் கற்ற மொழி. இரக்கம் இல்லாமல் எந்த நல்ல திட்டமும் பிறப்பதில்லை. ஆனால், இரக்கம் அண்டை வீட்டில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அவர் கும்பகோணத்தில் வேறொரு தெருவில் வளர்ந்திருந்தால் அந்தக் கஞ்சி கிடைத்திருக்குமா என்பது எவருக்கும் தெரியாது. எந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கும் அது உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அரசும் சட்டமும் இருக்கின்றன. பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய பயணத்தில் பள்ளி வாயில் வரை வந்துவிட்டோம். இனி வீட்டு அடுப்படி வரை போக வேண்டும்.